கறுப்பு பீர் விழாவுக்குப் போகிறீங்களா? காப்பிக்கடையில் ஆரம்பியுங்கள்

கறுப்பு பீர் என்றால் வீரியம் ஜாஸ்தி என்று நம்ம பக்கம் பாதிப் பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருசத்துக்கு முன்னால் எங்களிடம் துணி வாங்குகிற பையரைப் பார்க்க இங்கிலாந்து போனபோது, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துப் பப்பில் குளிர்கால பீர் விழா நடந்துகொண்டிருந்தது. பலகையில் இருபது முப்பது பீரின் பேர், அதில் பாதி கறுப்பு. கூட வந்தவர் எனக்கு மாப்பிள்ளை முறை, பனியன் கம்பெனியில் பங்குதாரரும்கூட. "வந்ததே வந்தோம், பெருசுலயே ஆரம்பிச்சரலாமுங்க மாமா" என்றார். 10 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருந்ததை ஆளுக்கு அரை பைண்ட் (பைண்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) வாங்கினோம், அப்புறம் இன்னொரு அரை. அதற்குப் பிறகு வாங்கிய நாலும் காப்பி டம்ளர் அலசின தண்ணி மாதிரித்தான் இருந்தது. மறுநாள் காலை மீட்டிங்கில் பையர் ஒரு துணியைக் கையில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்கிறார், அது சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா, எந்தப் பின்னல் வகை என்றே எனக்கு உறைக்கவில்லை. இருபது வருசத் தொழில்.

அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 21 வயது ஆகாதவர்களுக்கும், குடிக்காமல் நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதில் வேலை இல்லை.

முதலில் அந்த நிறத்துச் சமாச்சாரத்தை முடித்துவிடலாம். உலகமே அறிந்த கறுப்பு பீரான கின்னஸ் 4.2 சதவீதம்தான். நம்ம கடையில் வெளிர் மஞ்சளாக விற்கிற ஸ்ட்ராங் பீர் 8 வரைக்கும் போகும். பீருக்கு நிறம் வருவது வறுவலிலிருந்து, போதை வருவது எவ்வளவு சர்க்கரையை ஈஸ்ட் தின்றது என்பதிலிருந்து. ரெண்டும் வேற வேற கணக்கு. கறுப்பு பீர் காய்ச்சும்போதுகூடப் போடுகிற தானியத்தில் பெரும்பங்கு வெளிர் மால்ட்தான், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதுக்கும் குறைவாக, கருக வறுத்ததைச் சேர்த்தால் போதும், மொத்தமும் கறுத்துவிடும். டேனியல் வீலர் என்பவர் 1817இல் மால்ட் வறுக்க உருளை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். காப்பிக்கொட்டை வறுக்கும் கடையில் சுற்றிக்கொண்டிருக்குமே, அந்த உருளைக்கு உறவுக்காரன்தான் அது. அதற்கப்புறம்தான் போர்ட்டர், ஸ்டவுட் என்கிற பீர் வகைகள் இப்போது நாம் பார்க்கிற கறுப்புக்கு வந்தன.

அதனால்தான் விழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே காப்பிக்கடைக்குப் போகச் சொல்கிறேன். உங்க ஊரில் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை எதுவாக இருந்தாலும் சரி. இளவறுவல், நடுவறுவல், கருவறுவல் என மூன்றிலும் நாலு கொட்டை கேட்டு வாங்கி, சிக்கரி கொஞ்சம் தனியாக வாங்கி, ஒவ்வொன்றாகக் கடித்துப் பாருங்கள். இளவறுவலில் ஒரு புளிப்பு இருக்கும், நடுவில் இனிப்பும் கசப்பும் கலந்து வரும், கருவறுவல் சாம்பல் மாதிரி நாக்கில் ஒட்டும். கறுப்பு பீரில் கிடைக்கிற வறுவல் ருசியில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அப்புறம் வீட்டில் கருப்பட்டி, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, உலர்திராட்சை, வறுத்த எள் இவற்றைக் கிண்ணத்தில் வைத்துக் கண்ணை மூடி மோந்து பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

எதற்கு இந்தக் கூத்து என்றால், விழாவில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். ஒவ்வொரு பீருக்கும் எதிரே ட்ரீக்கிள், டாம்சன், டாஃபி என்று எழுதியிருக்கும். டாம்சன் என்கிற பழத்தை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை, அப்புறம் அதன் ருசியை பீரில் எங்கே போய்த் தேட? ட்ரீக்கிள் என்பது சர்க்கரைப் பாகின் கறுத்த கழிவு, கருப்பட்டிப் பாகுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தப் புத்தகத்தில் பீரின் பேரையும் சதவீதத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு, ருசிக்கு உங்க வார்த்தையைப் போடுங்கள். என் பழைய நோட்டில் ஒரு போர்ட்டருக்கு எதிரே இருப்பது இது: "கம்பு ரொட்டி அடிப்பிடிச்ச வாசம். நடுவுல கருப்பட்டிக் காப்பி. கடைசில நாக்கு வறளுது. இன்னொண்ணு வாங்கலாம்." இதைப் படித்தால் அந்த பீர் எனக்கு இப்போதும் நாக்கில் வருகிறது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் என்று போட்டிருந்தால் வந்திருக்காது.

எங்கே போவது? பப்பிலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ப் பக்கம் இல்லை. 2003இலிருந்து சில்லறைக் கடை முழுக்க டாஸ்மாக் கையில். கள்ளுக்கும் 1987இலிருந்து தடை, அதைப் பற்றிக் கொங்கு விவசாயிகள் போடுகிற சண்டை தனிக்கதை. ஒரு காலத்தில் நீலகிரியிலேயே பீர் காய்ச்சினார்கள் என்பது பல பேருக்குத் தெரியாது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து காய்ச்சுமிடங்களை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பித்தார், அதில் ஒன்று நீலகிரி புரூவரி. சரி, இன்றைக்குப் பக்கத்தில் கிடைப்பது பெங்களூர். 2010இல் இந்திராநகரில் டாய்ட் என்கிற பப் திறந்த காலத்திலிருந்து அங்கே தானே காய்ச்சி ஊற்றுகிற இடங்கள் பெருகிவிட்டன, நாலைந்து சின்னக் கிளாஸைத் தட்டில் வைத்துக் கொடுக்கிற வசதியும் உண்டு. உதய் எக்ஸ்பிரஸ், வந்தே பாரத் இரண்டும் திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகத்தான் போகின்றன. ரயிலில் போங்கள், காரை எடுக்காதீர்கள். ஏன் என்று கீழே கணக்கே போட்டிருக்கிறேன்.

இங்கிலாந்து போகிற வாய்ப்பு வந்தால் (திருப்பூரில் பாதிப் பேருக்கு வரும்) குளிர் ஆரம்பிக்கும்போது போனால் நல்லது, கறுப்பு பீருக்கு அதுதான் பருவம். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் வெதர்ஸ்பூன் பப்புகளில் வழக்கமாக வசந்தத்தில் ஒரு விழா, இலையுதிர் காலத்தில் ஒரு விழா. அது தவிர 1971இல் தொடங்கிய கேம்ரா என்கிற குடிமக்கள் சங்கம் (குடிமக்கள் என்ற சொல்லை ரெண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள்) நாடு முழுக்க விழா நடத்துகிறது. சின்னப் பப்பில், சுவரோரம் மரச்சட்டத்தில் பீப்பாய்களைப் படுக்கவைத்து, தண்ணிக் குழாய் மாதிரி ஒரு குழாய் மாட்டித் திறந்து ஊற்றுகிற விழாதான் என் கட்சி.

உள்ளே போனதும் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். அதில் மூன்று கோடு இருக்கும்: மூன்றில் ஒரு பங்கு, அரை, முழு பைண்ட். முழு பைண்ட் 568 மில்லி, மூன்றில் ஒரு பங்கு 189. உங்க கண்ணுக்கு இனிமேல் அந்த அடிக்கோடு மட்டும்தான் தெரிய வேண்டும். கேவலமாகப் பார்ப்பார்களோ என்று நினைக்காதீர்கள், அது அங்கே சட்டப்படி உள்ள அளவு, விழாவுக்கு வரும் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர்கள் எல்லாம் அதைத்தான் வாங்குகிறார்கள். சாம்பிள் பார்ப்பது நமக்கு ஒன்றும் புதுசில்லையே, ஒரு பீஸ் போட்டுப் பார்க்காமல் யாராவது பத்தாயிரம் பீஸுக்கு ஆர்டர் எடுப்பார்களா?

இப்போது கணக்கு. ஒரு சாயங்காலத்துக்கு ஆறு சாம்பிள் என்று வையுங்கள்: 3.5, 4.2, 4.8, 5, 6, கடைசியில் ஒரு 10 சதவீதம். ஆறையும் 189 மில்லி வீதம் குடித்தால் உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் சுமார் 63 மில்லி. நம்மூர் குவாட்டர் ஒன்றில் இருப்பது 77. அதாவது கொஞ்சம் கொஞ்சமாக மோந்து பார்த்துக்கொண்டே முக்கால் குவாட்டருக்கு மேல் அடித்திருக்கிறீர்கள். பிரிட்டிஷ் மருத்துவக் கணக்கில் 10 மில்லி ஒரு யூனிட், வாரத்துக்கு 14க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரே சாயங்காலத்தில் ஆறு யூனிட் தாண்டிவிட்டது. ஈரல் ஒரு யூனிட்டைக் கழிக்கச் சுமாராக ஒரு மணி நேரம் எடுக்கும். இந்தியாவில் வண்டி ஓட்ட இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. ராத்திரி மட்டும் இல்லை, விடியக்காலையிலும் சாவியைத் தொடாதீர்கள்.

ஆறு போதும். ஏழாவது சாம்பிளை யாரும் ருசி பார்த்ததில்லை, குடித்துத்தான் இருக்கிறார்கள்.

வரிசைதான் முக்கியம். கேட்பதற்கு லேசான மாதிரி இருக்கும், ஆனால் நான் தப்பு விட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சதவீதம் குறைந்ததிலிருந்து கூடினதுக்கு, வறட்சியிலிருந்து இனிப்புக்கு, ஒண்ணும் சேர்க்காததிலிருந்து வாசனை சேர்த்ததுக்கு. முதலில் டார்க் மைல்டு: மூன்றிலிருந்து நாலுக்குள் சதவீதம், சுரங்கத்திலும் ஆலையிலும் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தாகத்துக்குக் குடித்தது. அப்புறம் ஜெர்மன் ஷ்வார்ட்ஸ்பியர் இருந்தால் அது. பேருக்கே கறுப்பு பீர் என்றுதான் அர்த்தம், பார்த்தால் கட்டங்காப்பி, குடித்தால் லேசான லாகர், நம்ம கடை மஞ்சள் பீரின் வகை. கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொல்லி நண்பர்களிடம் பந்தயம் கட்டலாம். மூன்றாவது டிரை ஸ்டவுட், கின்னஸ் சாதி. இதில் முளைகட்டாத பார்லியையே வறுத்துப் போடுவார்கள், அதனால்தான் அந்தக் கருவறுவல் வறட்சி. நாலாவது போர்ட்டர். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்குகிற போர்ட்டர்கள் குடித்ததால் வந்த பேர். அதிலேயே கெட்டியானதை ஸ்டவுட் போர்ட்டர் என்று சொல்லப்போய், பின்னால் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றுவிட்டது.

ஐந்தாவதாக ஓட்ஸ் ஸ்டவுட் அல்லது மில்க் ஸ்டவுட். மில்க் ஸ்டவுட்டில் பால் ஊற்றுவதில்லை, பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத வயிறு என்றால் இதை விட்டுவிடுங்கள். இனிப்பானதை டிரை ஸ்டவுட்டுக்கு முன்னால் குடித்தால் ஜிலேபி தின்றுவிட்டுக் காப்பி குடித்த கதைதான், அந்த ஸ்டவுட்டின் மேல் வீண்பழி வரும். ஆறாவது இம்பீரியல் ஸ்டவுட், ரஷ்ய அரண்மனைக்கு லண்டனிலிருந்து கப்பலில் போன வம்சம், 8இலிருந்து 12 வரை. எங்க மாப்பிள்ளையும் நானும் முதலில் வாங்கியது இதைத்தான்.

புகை, மிளகாய், தேங்காய், வெனிலா, விஸ்கி பீப்பாயில் ஊறவைத்தது என்று வித்தை காட்டுகிற பீர்களும் பலகையில் நிச்சயம் இருக்கும். ஆசையாக இருந்தால் ஆறில் ஒன்றாக வையுங்கள், ஆனால் கடைசிக்குத் தள்ளுங்கள். ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கத்துப் புகை பீர் ஒரு வாய் குடித்தால் அரைமணி நேரத்துக்கு எல்லாமே விறகடுப்பு.

சரி, கிளாஸ் கைக்கு வந்துவிட்டது. உடனே வாயில் வைக்காதீர்கள். செல்போன் டார்ச்சைக் கிளாஸின் பின்னால் பிடியுங்கள். சாயப்பட்டறையிலிருந்து வரும் லேப் டிப் சாம்பிளில் ஷேடு பார்க்கிற மாதிரித்தான், வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் கருஞ்சிவப்பாக விரியும், தெளுவு, அதாவது பதநீர், காய்ச்சும்போது பாகு பதத்துக்கு வரும் முன்னே அண்டாவின் விளிம்பில் தெரியுமே, அந்தச் சிவப்பு. இம்பீரியல் ஸ்டவுட்டில் சில சமயம் அதுவும் தெரியாது, டார்ச்சையே முழுங்கிவிடும். நைட்ரஜன் ஏற்றிய ஸ்டவுட் என்றால் ஊற்றினவுடன் கிளாஸைத் தொடாமல் ஒரு நிமிசம் பாருங்கள்: நுண்ணிய குமிழ்கள் கண்ணாடி ஓரமாகக் கீழே இறங்குகிற மாதிரி தெரியும், நடுவில் மேலே ஏறிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் கலங்கல் எல்லாம் அடங்கி மேலே தயிராடை மாதிரி ஒரு நுரை உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு நிமிசத்துக்கே காசு கொடுக்கலாம்.

அப்புறம் உள்ளங்கையால் கிளாஸை மூடி, ஒரு சுற்றுச் சுற்றி, கையை எடுத்தவுடன் மோந்து பாருங்கள். முதல் மோப்பத்தில் தோன்றுகிற வார்த்தைதான் சரியான வார்த்தை, அதை எழுதிவிடுங்கள். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படவிட்டு விழுங்குங்கள். ஒயின்காரர்கள் மாதிரி துப்ப வேண்டாம், பீரில் விழுங்கின பிறகு வருகிற கசப்புதான் பாதிச் சமாச்சாரம். அடுத்த வாயில் கனத்தைப் பாருங்கள். துணியை விரலால் தடவி இது 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), இது 240 என்று சொல்கிற ஆளுக்கு இது ஒரு வேலையே இல்லை: டார்க் மைல்டு மெல்லிய சிங்கிள் ஜெர்சி, ஓட்ஸ் ஸ்டவுட் உள்பக்கம் பிரஷ் பண்ணின ஃப்ளீஸ், வழவழவென்று போகும். மூன்றாவது வாய்க்குப் பத்து நிமிசம் இடைவெளி விட்டு, கிளாஸைக் கையில் அணைத்துச் சூடாக்கிக் குடியுங்கள். ஜில்லென்று இருந்தபோது ஒளிந்திருந்த கருப்பட்டியும் உலர்திராட்சையும் இப்போதுதான் வெளியே வரும்.

இங்கிலாந்து பீப்பாய் பீர் சூடாக, கேஸ் இல்லாமல் இருக்கிறதே என்று நம்ம ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அது 11, 12 டிகிரி வாக்கில், ஊட்டியில் பொழுதோட குழாயில் பிடித்த தண்ணி மாதிரி இருப்பதுதான் முறை. பீப்பாய்க்குள்ளேயே கடைசி நுரைப்பு நடப்பதால் கேஸும் கம்மிதான். ஐஸ் கேட்காதீர்கள், தயவுசெய்து.

ஆனால் நிஜமாகவே கெட்டுப்போன பீரும் வரும், அதையும் முகதாட்சண்யத்துக்காகக் குடிக்க வேண்டாம். வினிகர் புளிப்பு அடித்தால் பீப்பாய் திறந்து ரொம்ப நாளாகியிருக்கிறது. ஊத்துக்குளி வெண்ணெய் வாசம் தூக்கலாக வந்தால் டைஅசிட்டைல் என்கிற பொருள் தங்கியிருக்கிறது. லேசாக இருந்தால் சில பேருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் ஆக்ஸிஜன் பட்டுப் பழசாகிவிட்டது என்று அர்த்தம். இந்த வாசத்தை ஷிப்மென்ட் அனுப்புகிற எவனும் மறக்க மாட்டான், எங்க குடோன் ஒருமுறை ஒழுகினபோது ஒரு வாரம் இதோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். கவுன்ட்டரில் மெதுவாகச் சொன்னால் மோந்து பார்த்துவிட்டுப் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள்.

கவுன்ட்டரில் கையைத் தட்டிக் கூப்பிடுவது, நோட்டை ஆட்டுவது எல்லாம் கூடாது. வரிசை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அடுத்தது யார் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியும். ரவுண்டு முறையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆளாளுக்கு முறை வைத்து எல்லாருக்கும் வாங்குவது அங்கே மரியாதை, ஆனால் வேகமாகக் குடிக்கிறவன் வேகத்துக்கு எல்லாரும் ஓட வேண்டிவரும். "நான் சாம்பிள் பார்க்க வந்திருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சுத்த சைவம் என்றால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பீப்பாய் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் பலர் சேர்ப்பார்கள். சேர்க்காததும் நிறைய இருக்கிறது.

வயிற்றுக்கு: போவதற்கு முன்னால் சோறு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் மாதிரி இதற்கு இன்னொன்று இல்லை, காரமும் இல்லை, வயிறும் நிற்கும். இடையில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதே அளவு தண்ணி. பள்ளிபாளையம் சிக்கனை விழா முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் கிளப்பிவிடும், அப்புறம் நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. பீரோடு சேர்த்துத் தின்ன எனக்குத் தெரிந்து சிறந்தது எள்ளுருண்டை. கருப்பட்டி போட்டது, இம்பீரியல் ஸ்டவுட்டோடு. பெட்டியில் பத்து உருண்டை எடுத்துப்போய், பப்பில் கேட்டுவிட்டு ஒரு மூலையில் வைத்துத் தின்றோம். பக்கத்து மேஜைப் பெரியவர் ஒன்று வாங்கிக் கடித்துவிட்டு, பேனாவை எடுத்துத் தன் புத்தகத்தில் அதன் பேரை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், அவருக்கு வாயில்தான் நுழையவில்லை.

கிளம்பும்போது கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வந்துவிடும். நான் போன தடவை கொடுக்காமல் துணி சாம்பிளுக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கம்மா அதில்தான் இப்போது மோர் ஊற்றுகிறார். அடிக்கோடு வரைக்கும் ஊற்றினால் ஒரு ஆளுக்குச் சரியான அளவாம்.